தேவாலயத்து நிலக்கீழ் அறையும் எங்கள் பூட்டிய மண்டபங்களும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் உங்கள் பத்திரிகையில் ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரத்து வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு தேவாலயங்கள் அக்கம்பக்கத்தவர்களுக்காக நடத்துகிற சமூக நிலையங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள், பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்துப் பிள்ளை பிடிக்கிற வேலை அது, பாதிரிமாரை எதிர்த்துச் சைவம் வளர்த்த ஆறுமுக நாவலர் பிறந்த மண்ணில் பிறந்த நாங்கள் அந்த வாசலை மிதிக்கலாமா என்று அவர் கேட்டிருந்தார். வாசித்ததும் எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. ஏனென்றால் அந்தப் பிஸ்கட்டைத் தின்று வளர்ந்த ஒருவன் அந்த நேரம் என் வீட்டுக்குள் இருந்து தன் மகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் என் மூத்த மகன்.

நாங்கள் 1990 மார்கழியில் ரொறன்ரோவுக்கு வந்தோம். சென்ற் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடி, ஒரு படுக்கையறை வீடு, அதற்குள் எட்டுப் பேர். அந்தக் காலத்தில் வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இவர் இரவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவப் போவார், விடியப்புறம் வந்து படுப்பார், அவர் நித்திரை கொள்ள வேண்டும் என்பதற்காக நாலு வயது மகனையும் ஒன்றரை வயது மகளையும் சத்தம் போடாமல் வைத்திருப்பதுதான் பகல் முழுக்க என் வேலை. லிப்ட்டில் ஏறி இறங்கி விளையாட்டுக் காட்டுவேன். ஒருநாள் லிப்ட்டுக்குள் என்னைக் கண்ட ஒன்பதாம் மாடிப் பெண்பிள்ளை, "அக்கா, கீழ் ரோட்டில சேர்ச்சுக்கு அடியில ஒரு இடம் இருக்கு, பிள்ளைகளை வைச்சுப் பார்ப்பினம், உங்களுக்கு இங்கிலிஷும் படிப்பிப்பினம், காசும் கேட்கமாட்டினம், ஒண்டும் கேட்கமாட்டினம், நாளைக்கு என்னோட வாங்கோ" என்றாள். எனக்குப் பயம்தான். சும்மா கிடைக்கிறது ஒன்றும் சும்மா இல்லை என்று சொல்லி வளர்த்தவர்கள் அல்லவா எங்களை.

படி இறங்கிப் போக வேண்டும். நிலக்கீழ் அறை, நீளமான மண்டபம், சுவரோரம் மடித்து அடுக்கிய கதிரைகள், ஒரு மூலையில் பழைய பியானோ, இன்னொரு மூலையில் பெரிய கோப்பிக் கேத்தல் எந்த நேரமும் கொதித்துக்கொண்டிருக்கும். கோப்பி வாசமும் நனைந்த கம்பளி வாசமும் கலந்த அந்த வாசம் இப்போதும் எங்காவது மூக்கில் பட்டால் எனக்கு ஏனோ நெஞ்சு இளகிப் போகும். பக்கத்து அறையில் பிள்ளைகளை வைத்திருப்பார்கள், நடுவில் உள்ள கதவில் சின்னக் கண்ணாடி, அதற்குள்ளால் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நாங்கள் இங்கிலிஷ் படித்தோம். வியட்நாம்காரி ஒருத்தி, சோமாலியாவிலிருந்து வந்த இரண்டு சகோதரிகள், எல் சல்வடோர்க்காரி ஒருத்தி, அப்புறம் நாங்கள் மூன்று நாலு தமிழ் ஆக்கள். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது, ஆனால் குடிவரவு விசாரணைக்கு எப்போது திகதி விழுந்திருக்கிறது என்று கேட்க மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

ஒரு சம்பவத்தை மட்டும் சொல்கிறேன். வந்து மூன்றாம் கிழமை இருக்கும், வகுப்பு முடிந்து மகனுக்குச் சப்பாத்துப் போடுகிறேன், இலவசமாகக் கிடைத்த பழைய பனிச் சப்பாத்து, அடிப்பக்கம் வெடித்து ஈரம் உள்ளே வந்துவிடும். அவன் ஈரக் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுகிறான். எங்களுக்குப் படிப்பிக்கிற வயதான வெள்ளைக்காரப் பெண்மணி, நாங்கள் எல்லாரும் ரீச்சர் என்றுதான் கூப்பிடுவோம், ஒன்றும் பேசாமல் குசினிக்குள் போய் லாச்சியைத் திறந்து பாண் சுற்றி வருகிற பிளாஸ்ரிக் பைகள் இரண்டை எடுத்துக்கொண்டு வந்தார். நிலத்தில் இருந்துகொண்டு, முழங்கால் வலிக்காரி பாவம், அவன் காலில் காய்ந்த காலுறையை மாட்டி, அதற்கு மேல் பாண் பையை மாட்டி, அதற்கு மேல் சப்பாத்தைச் செருகினார். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஈரமும் பிடிக்காது. தன் அம்மா தனக்கு இப்படித்தான் செய்தவர் என்று சைகையும் இங்கிலிஷுமாகச் சொன்னார். அந்த மாரி முழுக்க என் பிள்ளை பாண் பையோடுதான் பனிக்குள் நடந்தான். இன்றைக்கும் என் குசினி லாச்சியில் பாண் பைகள் மடித்துக் கிடக்கும், பேத்தி கேட்டால் சிரிப்பாள்.

திருநீறு பூசிக்கொண்டுதான் என் மகன் அங்கே போவான். ஒரு தடவை ரீச்சர் அவன் நெற்றியைக் காட்டி இது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பத்துச் சொல்லில் விளங்கப்படுத்தினேன். மறுநாள் குழந்தைகள் அறையில் வைத்திருந்த குறிப்பேட்டில் அவன் பெயருக்குப் பக்கத்தில், முகம் கழுவும்போது நெற்றியைத் துடைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். மேலே ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை நடக்கும், அதற்கு வா என்று நான் அங்கே போன மூன்று வருடத்தில் ஒருவரும் ஒருநாளும் சொல்லவில்லை. நத்தார் நாடகத்தில் மட்டும் மகன் இடையனாக வந்தான், திருநீற்றோடு. அந்தப் படம் இன்னும் இருக்கிறது.

விசாரணைக்குப் போவதற்கு முன் எங்கள் கதையை ஒழுங்காகச் சொல்லப் பழக்கியதும் அவர்கள்தான். பங்குனி மாதம் வந்தால் வருமான வரிப் பத்திரம் நிரப்ப ஆள் பிடித்துத் தருவதும், பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்வதும், காய்ச்சல் என்றால் எந்த மருந்தகத்துக்குப் போவது என்று சொல்வதும் எல்லாம் அங்கேதான். 1992இல் அரசாங்கம் புதிதாக வந்தவர்களுக்கான லிங்க் மொழி வகுப்புகளைத் தொடங்கியது, நானும் பிறகு அதில் சேர்ந்தேன். அதற்கு முந்திய இடைவெளியை எனக்கு நிரப்பியது அந்த அறை.

சரி, மார்க்கம் வாசகர் சொல்வதில் உண்மையே இல்லையா? இருக்கிறது. அதையும் மறைக்கக் கூடாது. பிறகு நாங்கள் ஸ்காபரோவுக்கு மாறி வந்தபோது வேறொரு குழு எங்கள் கட்டடத்துக்கு வந்தது. அரிசிப் பை கொண்டுவருவார்கள், ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களுக்கு மட்டும்தான் அடுத்த பை. என் சிநேகிதி ஒருத்தி, புருஷன் இல்லாமல் மூன்று பிள்ளைகளோடு இருந்தவள், இரண்டு கிழமை போகவில்லை என்று அவள் பெயரை வெட்டிவிட்டார்கள். எங்கள் வீட்டுச் சாமிப் படத்தைக் காட்டி, பிள்ளையின் காதுக்குள் கேட்கும்படி, இதை எடுத்துவிட்டால் உங்கள் கஷ்டம் தீரும் என்று ஒருவர் சொன்னார். நான் கதவைச் சாத்தினேன். அப்படிப்பட்டவர்களுக்காக நான் இங்கே வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது நியாயமில்லை. கதவுக்கு மேலே சிலுவை இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, தருகிற கைக்குப் பின்னால் மற்றக் கை எதையாவது கேட்டு நீட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

என் மகள் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படித்தபோது இந்த நிலையங்களின் வரலாற்றைப் பற்றித்தான் கட்டுரை எழுதினாள், இரவிரவாக அவள் வாசித்துச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன், அதனால் கொஞ்சம் தெரியும். வின்னிபெக் நகரத்தின் வட பகுதியில் ஓல் பீப்பிள்ஸ் மிஷன் என்று மெதடிஸ்த திருச்சபை நடத்திய நிலையம் ஒன்று இருந்தது. 1880களின் கடைசியில் குடிவந்தவர்களின் பிள்ளைகளுக்கான ஒரு ஞாயிறு வகுப்பாகத் தொடங்கியது. உக்ரேனியர், போலந்துக்காரர், ஜெர்மானியர், யூதர் என்று ரயிலில் வந்து இறங்கிய ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாலர் வகுப்பு, பெரியவர்களுக்கு இரவில் இங்கிலிஷ், தாய்மாருக்குத் தனிக் கூட்டம் என்று வளர்ந்தது. 1907 தொடக்கம் 1913 வரை அதற்குப் பொறுப்பாக இருந்தவர் ஜே. எஸ். வூட்ஸ்வேர்த் என்கிற போதகர்.

இந்த மனிதர்தான் எனக்கு ஆச்சரியம். 1909இல் அவர் ஒரு புத்தகம் எழுதினார், அதில் எந்த நாட்டுக்காரன் கனடாவோடு ஒட்டுவான், எவன் ஒட்டமாட்டான் என்று தரம் பிரித்துப் போட்டிருக்கிறார். ஆசியாக்காரர்கள் ஒட்டவே மாட்டாதவர்கள் பக்கம். எங்களைப் போன்ற நிறத்தவர்கள் வரவே கூடாது என்ற எண்ணம் ஊர் முழுக்க இருந்த காலம், 1914இல் கோமகாட்டா மாரு கப்பலில் வந்த 376 இந்தியரில் பெரும்பாலானோரை வன்கூவர் கரையில் இரண்டு மாதம் மறித்து வைத்துத் திருப்பி அனுப்பினார்களே, அந்தக் காலம். ஆனால் அந்த வறுமைக்குள்ளேயே குடும்பத்தோடு இருந்து பார்த்த மனிதர் மெல்ல மாறினார். பிரசங்கத்தால் வயிறு நிரம்பாது, சட்டம் மாற வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1918இல் போதகர் வேலையை விட்டார், 1919 வின்னிபெக் பொது வேலைநிறுத்தத்தில் கைதானார், 1921இல் பாராளுமன்றம் போனார். அங்கே அவர் விடாமல் நெருக்கியதால் 1927இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது, 70 வயது தாண்டிய வசதியில்லாதவர்களுக்கு மாதம் 20 டொலர் வரை. இன்றைக்கு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மாதக் கடைசியில் எதிர்பார்க்கிற பென்ஷனின் வேர் அங்கே போகிறது. குடிவந்த பிள்ளைகளை மாற்றப் போன இடத்தில் போதகர்தான் மாறிப்போனார் என்று மகள் சொல்லிச் சிரித்தாள்.

மதம் மாற்ற ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் வென்றார்கள் என்றும் நினைக்க வேண்டாம். டெக்சஸ் மாநிலத்தில் எல் பாசோ நகரில், மெக்சிக்கோ எல்லைக்குப் பக்கத்தில், மெதடிஸ்தப் பெண்கள் 1912இல் ஹவுச்சென் இல்லம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பாலர் வகுப்பு, மருத்துவ நிலையம், 1937இல் அதோடு ஒரு பிரசவ ஆஸ்பத்திரியும் வந்தது, கத்தோலிக்க மெக்சிக்கர்களைத் தங்கள் சபைக்குக் கொண்டுவரலாம் என்பதுதான் எண்ணம். தாய்மார் பிள்ளைகளை அனுப்பினார்கள், ஊசி போட்டுக்கொண்டார்கள், அங்கேயே பிள்ளையும் பெற்றார்கள், வீட்டுக்கு வந்து தங்கள் மாதாவுக்கு முன்னால்தான் மெழுகுதிரி கொளுத்தினார்கள். சபை மாறியவர்கள் கொஞ்சப் பேர்தான். தாய்மார் எங்கும் கெட்டிக்காரிகள்தான். வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிட்டு வரத் தெரியாதவர்கள் என்று எங்களை நினைப்பதுதான் மார்க்கம் வாசகரின் கடிதத்தில் எனக்குப் பிடிக்காதது.

ரொறன்ரோவிலேயே பாருங்கள். கென்சிங்ரன் சந்தைப் பக்கம் 1912இல் பிரெஸ்பிட்டேரியன் சபை தொடங்கிய சென்ற் கிறிஸ்ரோபர் ஹவுஸ், முதலில் குடிவந்தவர்களைக் கனடியர் ஆக்குகிறோம் என்று புறப்பட்டது, இன்றைக்கு வெஸ்ற் நெய்பர்ஹூட் ஹவுஸ் என்று பெயரே மாறி, எந்தச் சமயத்தவரும் போய்வருகிற பெரிய சமூக நிலையமாக நிற்கிறது. கிழக்குப் பக்கம் 1937இல் ஒரு யுனைற்றெட் சேர்ச்சிலிருந்து கிளம்பிய வூட்கிறீன் நிலையமும் அப்படித்தான். யூதர்கள் வந்தார்கள், இத்தாலியர் வந்தார்கள், போர்த்துக்கீசர் வந்தார்கள், ஒவ்வொரு கூட்டமும் படி இறங்கிப் போய், கால் ஊன்றி, மேலே ஏறி வேறு இடத்துக்குப் போனது. இந்த வரிசையில் நாங்களும் ஒரு கூட்டம்.

1986 ஆவணியில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் கரைசேர்த்ததை வருடா வருடம் நினைவு கூர்கிறோம், நல்லது. அதே நாட்டில் 2023 கோடையில் என்ன நடந்தது? ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்த அகதிகள், தங்குமிடம் இல்லையென்று, ரொறன்ரோ பீற்றர் வீதியில் நகரசபை அலுவலகத்துக்கு வெளியே நடைபாதையில் படுத்துக் கிடந்தார்கள். மழைக்குள்ளும் கிடந்தார்கள். மத்திய அரசும் மாநகரமும் காசு யார் தருவது என்று மாறி மாறிக் கைகாட்டிக்கொண்டிருக்க, நோர்த் யோர்க்கில் ரிவைவல்ரைம் ரபனக்கிள் என்கிற கறுப்பின மக்களின் தேவாலயம் போன்றவைதான் கதவைத் திறந்து மண்டபத்தில் படுக்கை போட்டன. தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகன் திரும்பி என்னைக் கேட்டான், "அம்மா, எங்கட கோயில் மண்டபங்கள் எல்லாம் இந்த நேரம் என்ன செய்யுது?" எனக்குப் பதில் வரவில்லை.

இப்போது நாவலருக்கு வருகிறேன். அவரை இழுத்துக்கொண்டு வந்தது நானில்லை, மார்க்கம் வாசகர்தான். நாவலர் யாழ்ப்பாணத்து மெதடிஸ்தப் பாடசாலையில் படித்தவர், அங்கேயே படிப்பித்தவர், பேர்சிவல் பாதிரியாருக்கு பைபிளைத் தமிழில் பெயர்க்கக் கூட இருந்து உதவியவர். திருநீறு அழியாமல்தான் இத்தனையும் செய்தார். பிறகு என்ன செய்தார்? பாதிரிமார் பள்ளிக்கூடம் வைத்துப் பிள்ளைகளை இழுக்கிறார்கள் என்று திண்ணையில் இருந்து புறுபுறுத்தாரா? 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் திறந்தார். 1864இல் சிதம்பரத்திலும் ஒன்று திறந்தார். அவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று உள்ளே இருந்து பார்த்து, அதைத் தன் ஆக்களுக்குச் செய்து காட்டினார். நாவலரைப் பின்பற்றுகிறவர்கள் தேவாலயத்துக்குப் போகாதே என்று சொல்வதோடு நிற்கக் கூடாது, எங்கே போகலாம் என்றும் சொல்ல வேண்டும்.

எங்கே போகலாம்? ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்ரனிலும் எங்களுக்கு எத்தனை கோயில், எத்தனை தமிழ்க் கிறிஸ்தவ ஆலயம் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் மண்டபம், குசினி, மலசலகூடம், வாகனத் தரிப்பிடம். வெள்ளி பின்னேரம் கூட்டம், சனி ஞாயிறு கலியாணம், அரங்கேற்றம், பிறந்தநாள். திங்கள் முதல் வியாழன் வரை பகலில் போய்ப் பாருங்கள், பூட்டு. எங்கள் கட்டடத்தில் இப்போது சிரியாக்காரர், எரித்திரியாக்காரர், தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்து குடும்பத்தோடு தங்கிவிட்டவர்கள், இலங்கையிலிருந்து புதிதாக வந்தவர்கள் என்று எல்லாரும் இருக்கிறார்கள். பிள்ளைகள் மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூடத்தால் வந்தால் தாய் தகப்பன் தொழிற்சாலையிலிருந்து வர ஆறு மணி ஆகும். அந்த இரண்டரை மணித்தியாலமும் அந்தப் பிள்ளைகள் லிப்ட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. நான் காண்கிறேன்.

இதைப்பற்றி ஒரு ஆலய நிர்வாகத்திடம் ஏற்கெனவே கேட்டுப் பார்த்தேன், எந்த ஆலயம் என்று சொல்லமாட்டேன். காப்புறுதிக்காரன் விடமாட்டான் என்றார்கள். சுவர் ஊத்தையாகும் என்றார்கள். வேறு சமயத்துப் பிள்ளைகள் சப்பாத்தோடு உள்ளே வந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். காப்புறுதி உண்மையான பிரச்சினை, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் கலியாணத்துக்கு வாடகைக்கு விடும்போது அதற்கென்று ஒரு நாள் காப்புறுதி எடுக்கச் சொல்கிறீர்களே, அப்படி ஒரு வழி இதற்கும் விசாரித்தால் கிடைக்கும். பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்குப் பொலிஸ் சரிபார்ப்புக் கடிதம் வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பே கூடாது. ஒரு பெரியவரை ஒரு பிள்ளையோடு தனியாக ஒரு அறையில் விடக் கூடாது, அந்த நிலக்கீழ் அறைக் கதவில் இருந்த சின்னக் கண்ணாடியின் அர்த்தம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. சப்பாத்துக்கு வாசலில் ஒரு தட்டு வைத்தால் முடிந்தது. கும்பிடு என்று ஒரு பிள்ளைக்கும் சொல்லக் கூடாது, எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் எதை விரும்பவில்லையோ அதை அவர்களுக்கு நாங்கள் செய்யக் கூடாது அல்லவா. ஜூஸ், பிஸ்கட் செலவு பெரிய காசில்லை. ஒரு திருவிழாவுக்கு மாலை வாங்குகிற காசில் ஒரு மாரியை ஓட்டலாம், கணக்குப் பார்த்தவள் சொல்கிறேன், குறை நினைக்க வேண்டாம்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். பொலிஸ் கடிதம் என்னிடம் இருக்கிறது, பேத்தியின் பள்ளிக்கூடத்தில் வாசிப்புக்கு உதவப் போவதற்காகப் போன வருடம் எடுத்தது. என்னைப் போல இன்னும் நாலு பெண்கள் எங்கள் கட்டடத்திலேயே வரத் தயார், அதில் ஒருத்தி ஊரில் இருபது வருடம் கணக்குப் படிப்பித்தவள். செவ்வாயும் வியாழனும், மூன்றரையிலிருந்து ஆறு மணி வரை, வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்து, தின்ன ஏதும் கொடுத்து, தாய் தகப்பன் வரும் வரை வைத்திருந்தால் போதும். மார்க்கம் வாசகரும் விரும்பினால் வரலாம், தேவாரம் படிக்க ஆசைப்படுகிற பிள்ளைகள் இருந்தால் அவர் ஒரு மூலையில் இருத்திச் சொல்லிக்கொடுக்கட்டும், பெற்றோர் சம்மதித்தால் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

ஆசிரியர் ஐயா, ஒரு உதவி கேட்கிறேன். அடுத்த இதழில் ஒரு மூலையில், கிழமை நாட்களில் மண்டபத்தைத் தரச் சம்மதிக்கும் ஆலயங்கள் உங்களுக்குத் தெரிவிக்கலாம் என்று ஒரு வரி போடுங்கள், கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ எதுவானாலும் சரி. என் தொலைபேசி இலக்கம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. திறப்பு யாரிடம் வாங்க வேண்டும் என்று சொன்னால் போதும், மிச்சத்தை நாங்கள் ஐந்து பேரும் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி